கன்னத்தில் இருந்த இலை

குழந்தைகளின் முகப்படத்தில் கைவண்ணத்தையும் கணினித் திருத்தத்தையும் ஒன்றாகச் சேர்க்கப் பழகத் தொடங்கிய மூன்றாவது மாதத்தில், எங்கள் தெருக்கோடி வீட்டுப் பாட்டி கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவருடைய பேத்திக்கு அப்போது நாலரை வயது. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் ஒரு படம் எடுத்து, சுற்றிலும் வண்ணம் தீட்டித் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். படம் எடுக்கும் நாளன்று பாட்டியே குழந்தையைக் குளிப்பாட்டி, தனாக்கா என்னும் மரப்பட்டைக் குழம்பு உரைத்து, இரண்டு கன்னத்திலும் ஒவ்வோர் இலையாக வரைந்து, ஈரம் காய்வதற்குள் சீப்பின் பல்லால் நடுநரம்பும் கிளைநரம்பும் கீறி அனுப்பியிருந்தார். நான் இரண்டு நாள் உட்கார்ந்து வேலை செய்து, சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் படத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தாயி. நான் போட்ட இலை எங்க?"

இலை போயிருந்தது. கன்னம் பீங்கான்போல வழவழவென்று இருந்தது. தோலைச் சீராக்கும் கருவியின் அளவை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போனபோது அந்த இலைகள் கரைந்துபோனதை நான் கவனிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு அதிக வெட்கத்தைத் தந்தது.

பர்மாவுக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தனாக்கா என்பது தமிழில் மகாவில்வம் என்று சொல்லும் மரத்தின் பட்டையை, தண்ணீர் தெளித்து வட்டக் கல்லில் உரைத்து எடுக்கும் குழம்பு. விளாமரப் பட்டையிலிருந்தும் எடுப்பதுண்டு. ரங்கூனில் (யாங்கோன் என்று எழுதினாலும் எங்கள் வீட்டில் இன்றும் அது ரங்கூன்தான்) பர்மியர், தமிழர் என்ற வேறுபாடு இல்லாமல் பிள்ளைகளின் முகத்தில் இதைக் காணலாம். பூசும்போது தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். காயக் காயத்தான் வெளிர்மஞ்சளாகத் திரண்டு வரும். கோவாஷ் என்னும் அடர்த்தியான நீர்வண்ணத்தைக் கையாண்டவர்களுக்கு இது பழகிய குணம். அதுவும் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் ஒரு நிறம். இன்னொன்றும் உண்டு. தனாக்கா பூசிய இடத்தில் தோலின் எண்ணெய்ப் பளபளப்பு இராது. மூக்கு நுனி மின்னிக்கொண்டிருக்க, அதற்கு இரண்டு விரற்கடை தள்ளிக் கன்னம் சுண்ணாம்பு பூசிய சுவர்போல மங்கலாக நிற்கும். ஒரே முகத்தில் இரண்டு விதமான பரப்பு. ஓவியனுக்கு இது கொடை. தோலைச் சீராக்கும் மென்பொருளுக்கோ திட்டுத்திட்டான நிறம் என்றாலே நோய். தேமலையும் தனாக்காவையும் பிரித்தறிய அதற்குத் தெரியாது.

அந்த மூன்று மாதங்களில் செய்த மற்றத் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரையும்போல நானும் முதலில் ஃபில்டரில்தான் தொடங்கினேன். ஒரே சொடுக்கில் புகைப்படத்தை எண்ணெய் ஓவியமாக்கித் தருவதாகச் சொல்லும் ஃபில்டர்கள் ஏராளமாக இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் ஏமாற்றிவிடும். கிட்டப் போனால், சுவருக்கு என்ன அகலத்தில் தூரிகை ஓடியிருக்கிறதோ அதே அகலத்தில்தான் கண்ணிமை மயிருக்கும் ஓடியிருக்கும். கையால் தீட்டுகிறவர் சுவருக்கு அகலத் தூரிகையை எடுப்பார், இமைக்கு நுனித் தூரிகையை எடுப்பார், சில இடங்களைத் தொடாமலே விட்டுவிடுவார். ஃபில்டருக்கு விட்டுவிடுவது என்றால் என்னவென்றே தெரியாது. முதன்முதலில் அப்படிச் செய்துகொடுத்த படத்தை வாங்கிக்கொண்ட ஒரு தாய் குறை எதுவும் சொல்லவில்லை. "இதோட அந்த போட்டோவையும் தனியா ஒரு காப்பி குடுத்துடுங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அதைவிடப் பதமாக ஒரு படத்தை நிராகரிக்க முடியாது.

அடுத்து, புகைப்படத்தை வீட்டுப் பிரிண்டரில் அச்சிட்டு அதன்மேலேயே நீர்வண்ணம் தீட்டிப் பார்த்தேன். தூரிகை பட்டதும் குழந்தையின் வலப் புருவம் காதுவரை ஓடிவிட்டது. வீட்டுப் பிரிண்டர்கள் பலவற்றில் இருப்பது தண்ணீரில் கரையும் சாய மை. நிறமித் துகள்களால் ஆன மை என்றால்தான் ஈரத்தைத் தாங்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பாட்டி வீட்டிலிருந்து திரும்பிய அன்று மாலை சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். சித்தப்பா இளவயதில் இந்த ஊரிலே ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்; கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் ஏற்றுவது அவருடைய வேலை. வண்ணப் படச்சுருள் எளிதில் கிடைக்காத காலம் அது. கல்யாணப் படமானாலும், காது குத்திய படமானாலும், மொட்டை போட்ட படமானாலும் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, சேலைக்கும் பூவுக்கும் கன்னத்துக்கும் பிறகு நிறம் கொடுப்பார்கள். இந்த ஊருக்கு அது மிகப் பழைய பழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரங்கூனில் புகைப்படத் தொழில் நடத்திய டி. ஏ. அஹுஜா வெளியிட்ட வண்ண அஞ்சலட்டைகள்கூட, நிறமில்லாமல் எடுத்த படங்களுக்குப் பின்னர் நிறம் சேர்த்து ஜெர்மனியில் அச்சிடப்பட்டவைதாம். ஆகவே புகைப்படத்தோடு ஓவியத்தைக் கலப்பதை நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பேதைமை என்று அந்த மாலையில் தெரிந்தது.

சித்தப்பா பழைய படம் ஒன்றை எடுத்து, தீக்குச்சியில் பஞ்சு சுற்றிச் செய்துகாட்டினார். பளபளப்புத் தாளில் வண்ணம் பிடிக்காது, மங்கல் தாள்தான் வேண்டும். எண்ணெய் வண்ணத்தை மிளகளவு தொட்டு வைத்து, பிறகு பஞ்சால் வட்டவட்டமாகத் தேய்த்து, வைத்ததில் பெரும்பகுதியைத் துடைத்தே எடுத்துவிட வேண்டும். கடைசியில் தாளில் தங்குவது வண்ணத்தின் சாயல்தான். அதனூடே கீழிருக்கும் படத்தின் நிழல் அப்படியே தெரியும். நான் அவசரப்பட்டு, கன்னத்தின் ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு வைத்து உருண்டை காட்டலாமே என்றேன்.

"நிழலத்தான் கேமரா போட்டுருச்சேம்மா. அதுக்கு மேல நீயும் போட்டா மூஞ்சி அழுக்காயிடும்" என்றார்.

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் கணினிக்குத் திரும்பினேன். போட்டோஷாப் 1990இல் வந்தது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள் வைப்பதுபோன்ற லேயர் வசதி அதில் 1994இல்தான் சேர்ந்தது. நான் பயன்படுத்துவது இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்னும் வரைமென்பொருள். லேயர் அதிலும் இருக்கிறது. மேல் லேயரை 'கலர்' என்ற முறைக்கு மாற்றினால், நிறத்தை மட்டும் மேலிருந்து எடுத்துக்கொண்டு ஒளியையும் நிழலையும் கீழிருக்கும் படத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். சித்தப்பாவின் பஞ்சும் தீக்குச்சியும் செய்த வேலை இதுவேதான். 'மல்டிப்ளை' என்பது இன்னொரு முறை. அதில் மேலும் கீழும் இருக்கும் ஒளியின் அளவுகள் ஒன்றோடொன்று பெருக்கப்படும். வெள்ளையின் மதிப்பு 1 என்பதால் வெள்ளைத் தாள் இருந்த இடம் காணாமற்போய், அதன்மேல் தீட்டிய நீர்வண்ணம் மட்டும் கீழ்ப்படத்தில் படிந்துவிடும். தாளில் நான் உண்மையான தூரிகையால் தீட்டியதைக் குழந்தையின் புகைப்படத்தோடு ஒட்டுத் தெரியாமல் சேர்ப்பதற்கு வழி இதில் கிடைத்தது.

அதன்பிறகு என் வேலைமுறை மாறியது. முகத்தை வரைவதில்லை. முகம் புகைப்படமாகவே இருக்கும். முடியின் ஓரம், காதின் பின்பக்கம், கழுத்துப் பட்டி ஆகிய எல்லைகளில் புகைப்படம் நின்றுபோய், அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடித்த தாளில் நான் தீட்டிய நீர்வண்ணம். பாவாடை சட்டை தனித்தாள், பின்னணி தனித்தாள். முடியைக் கணினியில் ஒவ்வொரு இழையாக வெட்டி எடுக்க முயன்று ஓர் இரவு முழுவதையும் வீணாக்கியபின், புகைப்படத்தை முடிக்கற்றையின் உள்ளேயே முடித்துவிட்டு, வெளியே பறக்கும் இழைகளை உலர்ந்த தூரிகையால் தாளில் இழுத்துவிடுவது எளிது என்று கண்டுகொண்டேன்.

ஸ்கேனரைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தராத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்தால் 2480க்கு 3508 புள்ளிகள் கிடைக்கும்; அச்சுக்கு அது போதும் என்றாலும் நான் 600இல் எடுத்துப் பிறகு சுருக்குகிறேன். ஸ்கேனர் தானாகச் செய்யும் திருத்தங்களை எல்லாம் முதலிலேயே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் மெல்லிய நீலப் பூச்சைத் தாளின் கறை என்று எண்ணி வெளுத்துவிடும். இவ்வளவும் செய்தபிறகும் என் படங்களில் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. குழந்தை அந்த ஓவியத்துக்குள் இருப்பதாகத் தோன்றவில்லை, முன்னால் ஒட்டிவைத்ததுபோல இருந்தது. பல நாள் கழித்தே காரணம் பிடிபட்டது. நீர்வண்ணத் தாள் சொரசொரப்பானது. என்னுடைய ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கமிருந்து ஒளி வீசுவதால், தாளின் ஒவ்வொரு சிறு மேட்டுக்கும் மறுபக்கம் ஒரு நிழல் விழும். குழந்தையின் முகத்தில் ஜன்னல் வெளிச்சம் இடமிருந்து வர, தாளின் மேடுகளில் வெளிச்சம் வலமிருந்து வந்துகொண்டிருந்தது. தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்து, கணினியில் மறுபடி நேராக்கினேன். அவ்வளவுதான், பிள்ளை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

உடலைக் கையால் தீட்டுவதில் வேறொரு வில்லங்கம் இருக்கிறது. ஓவியப் பயிற்சியில் நாம் பழகுவது பெரியவர்களின் உடலை. தலையைப்போல ஏழு மடங்கு அல்லது ஏழரை மடங்கு உயரம் என்று கை தானாகக் கணக்குப் போட்டுவிடும். பிறந்த குழந்தைக்குத் தலை உடலில் நாலில் ஒரு பங்கு. நாலைந்து வயதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இதை மறந்து நான் தோளை அகலமாகப் போட்ட ஒரு படத்தில், சிறுவன் தன் தாத்தாவின் உடம்பை இரவல் வாங்கியவன்போல நின்றான். கண்ணிலும் இதே கணக்கு இருக்கிறது. கருவிழி இரண்டு வயதுக்குள்ளேயே ஏறத்தாழப் பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறது. சிறிய முகத்தில் அது பெரிதாகத் தெரிவதால்தான் குழந்தையின் பார்வைக்கு அந்த அழகு. மென்பொருளில் கண்ணைப் பெரிதாக்கும் கருவி ஒன்று இருக்கிறது. குழந்தைகளின் படத்தில் அதைத் தொடுகிறவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை. வெள்ளைவிழியை வெளுப்பாக்குவதும் அப்படித்தான். சிறு பிள்ளைகளின் வெள்ளைவிழியில் இயல்பாகவே இலேசான நீலம் ஓடும், அதை வெளுத்தால் பொம்மைக்கண் ஆகிவிடும்.

மழைக்காலத்தில் இந்த ஊரில் நீர்வண்ணம் தீட்டுவது தனிப் பொறுமை. மே மாத நடுவில் பிடிக்கும் மழை அக்டோபர்வரை விடாது. காலையில் வைத்த பூச்சு மறுநாள் காலையிலும் தொட்டால் குளிரும். ஈரம் ஏறிய தாளில் கூரிய விளிம்பு நிற்காது. முதல் வருடம் அதோடு சண்டை போட்டேன். இப்போது ஜூன், ஜூலையில் வரும் படங்களுக்குப் பனிமூட்டம்போலக் கரைந்துபோகும் பின்னணி, டிசம்பரில் வருபவற்றுக்குக் கோடு தெளிந்த இலைகளும் ஜன்னல்களும் என்று வைத்துக்கொண்டுவிட்டேன். கேட்பவர்களிடம் அதை என் பாணி என்று சொல்லிக்கொள்கிறேன். மின்வெட்டைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஒருமுறை சேமிக்காத ஏழு லேயர்கள் போயின. அன்றிலிருந்து ஒவ்வொரு லேயர் முடிந்ததும் சேமிக்கிறேன், தாளில் தீட்டும் வேலையை மின்சாரம் இல்லாத நேரத்துக்கு ஒதுக்கிவைக்கிறேன்.

இந்த வேலையில் என்னைத் தடுமாறச் செய்வது நுட்பம் சார்ந்த ஒன்றாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கொஞ்சம் வெளுப்பா பண்ணிக் குடுங்க" என்று கேட்காத தமிழ்க் குடும்பம் குறைவு. அதுவும் பெண் குழந்தை என்றால், பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்கிறார்கள். தொடக்கத்தில் செய்துகொடுத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அளவை நகர்த்தினால் முடிந்துவிடும் வேலை அது. பிறகு பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்போடு அல்ட்ராமரின் நீலத்தைத் துளித் துளியாகக் கலந்து நம் தோலின் நிழல்நிறத்தைத் தட்டில் வரவழைக்கப் பழகியபோதுதான் என் மனம் மாறியது. வெளிச்சம் விழும் இடத்தில் தேன்நிறமும் தாடையின் அடியில் ஊதா கலந்த பழுப்புமாக அந்தக் கலவையில் இருக்கும் நிறங்கள், வெளுப்பாக்கிய கன்னத்தில் ஒன்றுகூட மிஞ்சாது. இப்போது நான் மறுத்துப் பேசுவதில்லை. முகத்தைத் தொடாமல், பின்னணியை ஒரு படி ஆழமான பச்சையாக்கிக் கொடுக்கிறேன். இருண்ட பச்சைக்கு முன்னால் எந்தத் தோலும் ஒளிவிடும். "பாத்தீங்களா, இப்ப எவ்வளவு வெளிச்சமா இருக்கு!" என்று அவர்களே சொல்லி வாங்கிக்கொண்டு போகிறார்கள். இது கொஞ்சம் தந்திரம்தான்.

தோலைச் சீராக்குவதும் கணினியோடு வந்த நோய் என்று நான் எண்ணியிருந்தேன். இல்லை என்றார் சித்தப்பா. அந்தக் காலத்தில் நெகட்டிவின்மேலேயே ஊசிபோலச் சீவிய பென்சிலால் இழைத்து முகத்தின் சுருக்கங்களை மறைப்பார்களாம். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுத்து வரும். "பெரியவங்க படத்துக்குத்தான் பென்சில். பிள்ளைங்க படத்துக்கு எடுக்கவே மாட்டோம், எதுக்கு எடுக்கணும்?" என்றார். நான் எடுத்திருந்தேனே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அச்சு விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. திரையில் தெரியும் அல்ட்ராமரின் நீலம் அச்சகத்தின் நான்கு மைகளுக்குள் வராது, சோர்ந்துதான் வரும். ஆகவே இப்போது நிறமி மையில், மங்கலான பருத்தித் தாளில் அச்சிட்டு, நீலம் சோர்ந்த இடங்களில் கையாலேயே மறுபடி ஒரு பூச்சு கொடுக்கிறேன். புருவம் காதுக்கு ஓடுவதில்லை.

பாட்டியின் பேத்தியை இரண்டாம் முறை படம் எடுத்தது அந்த வருட நவம்பரில். பாட்டி அதே இலையைப் போட்டார். நான் முகத்தில் சீராக்கும் கருவியைத் திறக்கவே இல்லை. ஆனால் அச்சில் பார்த்தபோது, இலை இருந்தும் அதன் மங்கல் பரப்பு இல்லை, தாள் முழுவதும் ஒரே மங்கலாக இருந்ததால் அது தனித்துத் தெரியவில்லை. உண்மையான தனாக்காவையே உரைத்து அச்சின்மேல் பூசிப் பார்த்தால் என்ன என்று ஓர் ஆசை வந்தது. பூசினேன். காய்ந்ததும் அழகாகத்தான் இருந்தது. சாயங்காலம் அது வெடித்து, பிள்ளைகளின் கன்னத்திலிருந்து உதிர்வதுபோலவே பொடிப்பொடியாக மேசையில் உதிர்ந்தது. பிறகு வேறோர் அச்சு எடுத்து, வெள்ளை கோவாஷில் காவிமஞ்சள் ஒரு துளி கலந்து, இலையின் வடிவத்தைத் துளிகூட மாற்றாமல் அதன்மேலேயே மெல்லியதாக ஏற்றி, ஈரம் காய்வதற்குள் சீப்பு எடுத்து நரம்பு கீறினேன். என் சீப்பின் பல் அகலம். ஒரு கோடு தடித்துப் போயிற்று.

பாட்டி இந்த முறையும் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். விரலால் கன்னத்தைத் தடவினார். வண்ணம் மேடாக விரலில் தட்டியிருக்க வேண்டும், கையைச் சட்டென்று எடுத்துவிட்டார். பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "இந்த நடுநரம்பு நான் கீறினது இல்ல" என்றார். உள்ளே போய்த் தன்னுடைய சீப்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மரச்சீப்பு, பல் நெருக்கமானது. இப்போது அது என் தூரிகைகளோடு ஒரே குவளையில் நிற்கிறது.